பிரசல்ஸ் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்தில் உண்மையில் பழையது எது?

வடக்குவாசல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் கோடையில் பெற்றோரை அழைத்துக்கொண்டு பெல்ஜியம் செல்லவிருக்கிறேன். பிரசல்ஸில் அரை நாள்தான் கிடைக்கும் என்பதால், அதை முழுவதும் கிராண்ட் பிளாஸ் சதுக்கத்துக்கே ஒதுக்கலாம் என்று எண்ணுகிறேன். ஆனால் படிக்கப் படிக்க ஒரு குழப்பம். 1695இல் பிரெஞ்சுப் படையின் குண்டுவீச்சில் அந்தச் சதுக்கம் அழிந்துபோனதாகச் சொல்கிறார்கள். அதே சதுக்கத்தை 1998இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்படியானால் நாம் அங்கே பார்ப்பது எந்தக் காலத்துக் கட்டடங்களை? எதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், உள்ளே எங்கே செல்லலாம் என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். அப்பாவுக்கு நெடுநேரம் நிற்க இயலாது.

கல்தச்சன் பதில்:

அழிந்தது உண்மை, ஆனால் முழுவதும் அல்ல. 1695 ஆகஸ்டில், நாமூர் கோட்டையை முற்றுகையிட்டிருந்த, பிரான்சுக்கு எதிரான கூட்டணிப் படைகளின் கவனத்தைத் திருப்புவதற்காக, பிரெஞ்சு அரசர் 14ஆம் லூயியின் தளபதி வில்லெருவா பிரசல்ஸின் மீது குண்டுமழை பொழிந்தார். சதுக்கத்தைச் சுற்றியிருந்த வீடுகளில் பெரும்பாலானவை எரிந்தன. நகரின் உயரமான அடையாளமாக இருந்த நகர மன்றத்தின் கோபுரமும் வெளிச்சுவர்களும் தப்பி நின்றன. உட்புறமோ தீக்கு இரையானது. ரோஜியர் வான் டெர் வைடன் அந்த மன்றத்துக்காகத் தீட்டிய, நீதியைக் கருப்பொருளாகக் கொண்ட ஓவியங்களும் அப்போதுதான் அழிந்தன. என்னைக் கேட்டால், அந்தத் தீயின் ஆகப் பெரிய இழப்பு கட்டடங்கள் அல்ல, அந்த ஓவியங்கள்தான்.

எனவே உங்கள் கேள்விக்கு முதல் விடை நகர மன்றம். அதன் இடப்பகுதி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. வலப்பகுதியின் வேலை 1444இல் தொடங்கியது. யான் வான் ரெய்ஸ்ப்ரூக் எழுப்பிய 96 மீட்டர் கோபுரம் 1455இல் நிறைவுற்றது. உச்சியில் சாத்தானை மிதித்து நிற்பவர் தேவதூதர் மிக்கேல். கட்டடத்துக்கு நேரெதிரே சற்றுத் தொலைவில் நின்று பார்த்தால், கோபுரம் நடுவில் இல்லை என்பதும், வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட நீளத்தில் குறைவானது என்பதும், கீழே உள்ள வாயில்கூடக் கோபுரத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருப்பதும் தெரியும். இதைக் கண்டு மனமுடைந்த கட்டடக் கலைஞர் கோபுரத்திலிருந்து குதித்துவிட்டார் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையை நம்ப வேண்டாம். ஒரே திட்டத்தில் அல்லாமல் பல பத்தாண்டுகளில் பகுதி பகுதியாகக் கட்டப்பட்டதன் விளைவு அது. முகப்பை நிறைத்திருக்கும் சிலைகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது விடை, நகர மன்றத்துக்குப் பக்கவாட்டில், மேற்கு வரிசையில் இருக்கிறது. தச்சர், படகோட்டிகள், வில்லாளர் எனத் தனித்தனித் தொழிற்குழுக்கள் தத்தம் வீடுகளைக் குண்டுவீச்சுக்குப் பின் சில ஆண்டுகளிலேயே மீண்டும் எழுப்பின. அவரவர் விருப்பப்படி கட்டிவிடவும் இல்லை. முகப்பின் வரைபடத்துக்கு முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்று நகர நிருவாகம் 1697இல் ஆணையிட்டது. ஒவ்வொரு வீடும் வேறுவேறாக இருந்தும் மொத்தச் சதுக்கமும் ஒரே கையால் வரைந்ததுபோல் தோன்றுவதற்கு அந்த ஆணையே காரணம் என்பது என் கருத்து. படகோட்டிகளின் வீட்டு உச்சியை அண்ணாந்து பாருங்கள்: அது ஒரு கப்பலின் பின்புற வடிவில் இருக்கும். வில்லாளர் வீட்டின் உச்சியில், சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை இருக்கிறது. தச்சர்களின் வீட்டில் கீழ்த்தளங்கள் குண்டுவீச்சுக்கு முந்தியவை, 1644ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

ஆற்றங்கரையான் பதில்:

கல்தச்சன் அவர்கள் ஒரு கட்டடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பயணிகள் அதிகம் ஏமாறுவது அதில்தான். நகர மன்றத்துக்கு நேரெதிரே இருக்கும் 'அரசர் மாளிகை' பார்வைக்கு மிகப் பழையதாகத் தோன்றும், ஆனால் இன்றுள்ள கட்டடம் விக்டோர் ஷாமேர் வடிவமைப்பில் 1873க்குப் பிறகு கட்டப்பட்டு 1890களில் முடிக்கப்பட்டது. அங்கே எந்த அரசரும் வாழவில்லை. முற்காலத்தில் அந்த இடத்தில் ரொட்டிச் சந்தை இருந்தது. 1568 ஜூன் 5 அன்று எக்மாண்ட், ஹோர்ன் ஆகிய இரு பிரபுக்களின் தலைகள் துண்டிக்கப்பட்டது இதன் முன்னால்தான். 19ஆம் நூற்றாண்டினர் இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று விரும்பினார்களோ அதையே கட்டினார்கள் என்பதால், அதைப் பழங்கட்டடம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் உள்ளே செல்லுங்கள், ஏனெனில் அது இப்போது நகர அருங்காட்சியகம். நகர மன்ற முகப்பிலிருந்து பாதுகாப்புக்காக எடுத்துவரப்பட்ட மூலச் சிற்பங்கள் சிலவற்றை அங்கே கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். 1619இல் வார்க்கப்பட்ட 'மானெக்கன் பிஸ்' என்னும், சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலையின் மூலமும் அங்கேதான் இருக்கிறது. தெருமுனை நீரூற்றில் கூட்டம் முண்டியடித்துப் படம் பிடிப்பது நகலை.

கல்தச்சன் பதில்:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்த அளவுகோலைக் கண்டிப்பாகப் பிடித்தால் சதுக்கத்தில் பாதிக்கு மேல் கழித்துவிட வேண்டியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷார்ல் பூல்ஸ் பிரசல்ஸின் மேயராக இருந்த காலத்தில் தொழிற்குழு வீடுகளின் முகப்புகளும் பெருமளவில் புதுப்பிக்கப்பட்டன. அவர் அக்கறை காட்டியிராவிட்டால் வாதிடுவதற்கே நமக்கு எதுவும் மிஞ்சியிராது.

தென்றல்வழி பதில்:

நடைமுறை சார்ந்த சிலவற்றைச் சொல்கிறேன். முடிந்தால் காலையிலேயே சென்றுவிடுங்கள். நகர மன்றத்தின் முகப்பு வடகிழக்கு நோக்கியிருப்பதால் பிற்பகலில் அது நிழலில் மூழ்கிவிடும். அரசர் மாளிகைக்கு நேர்மாறாக மாலை வெயில்தான் பொருத்தம். நகர மன்றத்தின் உள்முற்றத்தையும் தவறவிட வேண்டாம். மியூஸ், ஷெல்ட் என்னும் இரு ஆறுகளைக் குறிக்கும் நீரூற்றுகள் அங்கே உள்ளன. மாடியறைகளை வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கலாம். எல்லா நாள்களிலும் சுற்று இராது என்பதால், நகரின் அலுவல்முறை இணையதளத்தில் நாளையும் நேரத்தையும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரட்டைப்படை ஆண்டின் ஆகஸ்ட் நடுப்பகுதியில் நீங்கள் சென்றால், மலர்களால் பரப்பப்படும் பூக்கம்பளம் சதுக்கத்தை நிறைத்திருக்கும். கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அந்த நாள்களில் கூட்டம் நெருக்கியடிக்கும். தரை முழுவதும் கருங்கல் பாவியது என்பதால் அப்பாவுக்கு மெத்தென்ற அடியுள்ள காலணி அவசியம். தொழிற்குழு வீடுகளின் கீழ்த்தளங்களில் பல இன்று உணவகங்கள். விலை அதிகம்தான், என்றாலும் ஒரு காப்பி வாங்கினால் அப்பா உட்கார்ந்தபடியே எதிர்ப்பக்க முகப்புகளை ஆற அமரப் பார்க்கலாம். நீங்கள் அந்த நேரத்தில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.