பறி என்ற சொல்லுக்கு உங்கள் ஊரில் என்ன பொருள்?

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கத்து ஊர் எங்களுடையது. போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் மூங்கில் பறி, அதாவது மீன் பிடிக்கும் கூடை, கிடைத்தது. வாய்ப்பகுதியில் சிம்புகள் உள்நோக்கிக் கூராக இருக்கும். மடையிலோ வரப்பு உடைப்பிலோ வைத்தால், தண்ணீரோடு உள்ளே போகும் மீன் திரும்பி வர முடியாது.

என் மகளுக்குப் பறி என்றால் பூப் பறிப்பதுதான் தெரிகிறது. யோசித்துப் பார்த்தால் வழிப்பறி, பறிமுதல், கண்ணைப் பறிக்கும் நிறம் என்று அந்தப் பக்கமும் ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. முடியைப் பிடுங்கிக்கொள்ளும் சமணத் துறவிகளைத் தேவாரம் 'பறிதலையர்' என்கிறது. வள்ளிமலையில் சமணர் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல் எப்போதும் உறுத்தும். அப்புறம், நற்றிணையில் பால் விற்கும் இடையன் முதுகில் போட்டிருப்பதும் பறிதான், அது ஓலைப்பாய். கூடை, பாய் இரண்டுமே பின்னுகிற பொருள் என்பதால், பிடுங்கும் பறி வேறு, பின்னும் பறி வேறு என்றே எனக்குப் படுகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் உதவுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மீன் பிடிக்கும் கூடைகளை எல்லாம் பறி என்கிறார்களா, ஊத்தா, கரப்பு என்று தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறார்களா? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், படம் இருந்தால் போடுங்கள். எங்கள் பறியில் நாலு சிம்பு ஒடிந்திருக்கிறது. பின்னத் தெரிந்தவர் எந்த ஊரில் இருந்தாலும் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.