கெச்சுவா நெசவில் வரும் உருவங்களுக்குப் பொருள் உண்டா?

யாங்கோன்வாசி:
இங்கே மியான்மரில் சின் இனப் பெண்கள் இடுப்பில் வார் கட்டி நெய்வதைப் பார்த்திருக்கிறோம். அதே மாதிரித் தறியில்தான் பெருவின் மலைப்பகுதியில் வாழும் கெச்சுவா இனப் பெண்களும் நெய்கிறார்கள். துணியில் வரும் வைரம், பறவை எல்லாம் வெறும் அழகுக்கா?

மோல்மேன் அக்கா:
அழகுக்கு மட்டும் இல்லை தம்பி. ஏரி, ஆறு, வயல், சூரியன் என்று அவர்களைச் சுற்றி இருப்பதெல்லாம் அதில் வரும், ஊருக்கு ஊர் நிறமும் உருவமும் மாறும், அதனால் தோளில் போர்த்தும் லிக்ல்யாவை வைத்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்கள். வரைபடமெல்லாம் கிடையாது, இழையை எண்ணி விரலால் எடுத்து மனக்கணக்காகவே நெய்கிறார்கள், சிறுமியிலேயே அம்மா, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பழகியது. என்ன ஞாபகசக்தி! சிவப்புக்குக் கள்ளியில் ஒட்டியிருக்கும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து அரைப்பார்கள், எலுமிச்சைச் சாறு விட்டால் அந்தச் சிவப்பே வேறாகிவிடும்.

பகோ தம்பி:
பெருவில் இருக்கும் டிட்டிகாகா ஏரியின் தகிலே தீவையும் பாருங்கள் அண்ணே. அங்கே ஆண்கள் தொப்பி பின்னுவார்கள். அகலமான இடுப்புப் பட்டையில் விவசாயம், சடங்கு என்று வருடக் காலண்டரையே பெண்கள் நெய்து வைப்பார்கள். இந்தத் துணிக்கலையை 2005-ல் யுனெஸ்கோ அங்கீகரித்தது.

யாங்கோன்வாசி:
நன்றி அக்கா, தம்பி. வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

மோல்மேன் அக்கா:
திருப்பிப் பாருங்கள். கையால் நெய்த பல துணிகளில் பின்பக்கமும் அதே உருவம் நிறம் மாறி வந்திருக்கும்.