பாப்கேட் தோலின் விலையும் பொறியில் விழும் பூனைகளும்

எல்கோவாசி:
நெவாடா மாநிலத்தின் எல்கோவில் தங்கச் சுரங்கம் ஒன்றில் 11 ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் பக்கத்து மலைகளில் பாப்கேட் என்ற காட்டுப்பூனையைத் தோலுக்காகப் பிடிப்பார்கள். சென்ற வாரம் வேறொரு இழையில், "பாப்கேட்டைப் பொறி வைத்துப் பிடிப்பவர்கள் அந்த இனத்தையே துடைத்துவிடுவார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் 40 ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் பொறி வைப்பவர். போன ஜனவரியில் அவருடைய கொட்டகைக்குப் போயிருந்தேன். சட்டத்தில் இழுத்து மாட்டிய தோல் ஒன்று சுவரோரம் நின்றது. முதுகுப் பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பி வைத்து, வயிற்று மயிரைச் சீப்பால் மெல்ல வாரிவிட்டார். பால் வெள்ளையில் கரிப்பொட்டு வைத்ததுபோல் புள்ளிகள். "விலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது" என்று சொல்லி, அந்த வெள்ளையின் அகலத்தை விரல்களால் அளந்து காட்டினார். நெவாடா, யூட்டா போன்ற உலர்ந்த மேற்குப் பகுதிப் பூனைகளுக்குத்தான் இந்த வயிறு. கிழக்கே போகப் போக மயிர் பழுப்பேறிப் புள்ளி மங்கிவிடும். 2013 வாக்கில் மேற்கின் முதல் தரத் தோல் ஒன்று 1,000 டாலரைத் தாண்டியபோது, கிழக்கத்தியத் தோல்கள் அதன் அருகில்கூட வரவில்லை.

இவ்வளவு விலை இருந்தும் இனம் அழிந்ததா? 1981இல் அமெரிக்காவில் 7 முதல் 10 லட்சம் வரை என்று கணித்தார்கள். 2010இல் வந்த ஆய்வு 23 லட்சத்திலிருந்து 35 லட்சம் வரை என்றது. ஏற்றுமதியாகும் ஒவ்வொரு தோலிலும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி எண்ணிட்ட முத்திரை இருக்க வேண்டும். கணக்கில்லாத கொள்ளை என்று இதை எப்படிச் சொல்வது?

பாலைமலர்:
எல்கோவாசி ஐயா, கொட்டகையை அழகாகக் காட்டிவிட்டீர்கள். அந்தத் தோல் சட்டத்துக்கு வருவதற்கு முந்தைய நாட்களையும் காட்டியிருக்கலாம்.

உங்கள் மாநிலச் சட்டப்படி ஒருவர் தன் பொறிகளை 96 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். நான்கு பகல், நான்கு இரவு. ஜனவரியில் எல்கோவின் இரவுக் குளிர் எனக்குத் தெரியும். ஒருமுறை அந்த வழியாகக் காரில் வந்திருக்கிறேன். பல மாநிலங்களில் தினமும் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கொலராடோ மக்கள் 1996இலேயே வாக்களித்துக் கால்பொறியைத் தடை செய்தார்கள். அங்கே பாப்கேட்டுக்குக் கூண்டுதான்.

நான் இருப்பது ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் ஓரத்தில். 2013இல் இங்கே ஒரு குடியிருப்பாளர் தன் சொந்த நிலத்தில், அவர் அனுமதி இல்லாமல் யாரோ ஒளித்து வைத்த பொறியைக் கண்டெடுத்தார். பூங்கா எல்லைக்கு வெளியே வரும் பூனைக்காக அது காத்திருந்தது. அங்கிருந்துதான் போராட்டம் கிளம்பியது. 2015 ஆகஸ்டில் மாநில ஆணையம் 3-க்கு 2 என்ற வாக்கில் கலிபோர்னியா முழுவதும் பாப்கேட் பொறிகளைத் தடை செய்தது. அந்த ஆண்டுகளில் பொறி வைப்பவர்களை இந்தப் பாலைக்கு இழுத்து வந்தது எது? நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்த 1,000 டாலர்தான்.

எல்கோவாசி:
சகோதரி, அடுத்தவர் நிலத்தில் பொறி வைத்தவருக்காக நான் வாதாட மாட்டேன். 96 மணி நேரம் எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றுவிட்டு ஒரு நாள் போய்ப் பார்க்கிறார். சட்டம் கேட்பதைவிட, பொறி வைக்கும் நல்ல மனிதர் தன்னிடம் அதிகம் கேட்டுக்கொள்கிறார்.

ஆனால் பூனைக்கு உண்மையான எமன் யார் என்று உங்கள் ஊர்ப்பக்கமே பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்கு மேற்கே சான்டா மோனிகா மலைகளில் 2001க்குப் பிறகு பாப்கேட்கள் சொறி பிடித்துச் செத்தன. இறந்த உடல்களை ஆராய்ந்தபோது எலி விஷம் இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் எலிக்கு வைத்த மருந்து. அதற்கு அப்போது பருவகாலமும் இல்லை, உரிமமும் இல்லை, முத்திரையும் இல்லை.

ஊர்க்குருவி:
எலி விஷம் கொடியது என்பதால் பொறி நல்லதாகிவிடுமா? இரண்டையும் நிறுத்த வேண்டும்.

நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறேன். எங்கள் மாநிலத்தில் பாப்கேட் அருகிப்போனதால் 1989இல் வேட்டையை மூடினார்கள். மெல்ல மெல்லப் பெருகியது. "பெருகிவிட்டது, 50 அனுமதி கொடுக்கலாம்" என்று 2016இல் துறை கிளம்பியது. மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். பாப்கேட்டுக்கு வைத்த பொறியில், அதன் உறவினமான, சட்டம் பாதுகாக்கும் கனடா லின்க்ஸ் பூனை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குச் சரியான விடை இல்லை. திட்டம் திரும்பப் பெறப்பட்டது. 27 ஆண்டுகள் விட்டுவைத்ததால் வந்த பூனையை, வந்துவிட்டதே என்பதற்காகப் பிடிப்பது என்ன நியாயம்?

இன்னொன்று. 2017இல், காட்டுப்பூனை இனங்களைக் காக்கும் பாந்தெரா அமைப்பின் ஆய்வாளர்கள், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மேடிசன் ஆற்றங்கரையில் குளிர்காலத்தில் கண்ணில் பட்ட ஒரே ஒரு பாப்கேட்டைக் கணக்கிட்டார்கள். அதைப் படம் பிடிக்க வந்தவர்களால் வந்த பணம் 3,08,105 டாலர். தோலுக்காகப் பிடித்தால் 315 டாலர். விலையைப் பற்றிப் பேசத்தானே இந்த இழை?

எல்கோவாசி:
அந்தக் கணக்கை நானும் படித்திருக்கிறேன். சாலையோர ஆற்றங்கரையில் பகலில் வந்து நின்று வாத்து பிடித்த பூனை அது. 11 ஆண்டுகளில் எல்கோ மலைகளில் உயிருள்ள பாப்கேட்டை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் சேர்த்து அரை நிமிடம் இருக்காது. எந்தப் புகைப்படக்காரர் இங்கே பணம் கட்டி வருவார்? ஒரு பூனைக்குச் சொன்ன மதிப்பை 20 லட்சம் பூனைகளுக்கு ஏற்றுவது கணக்காகாது.

மரப்பாச்சி:
மன்னிக்கவும், இடையில் வருகிறேன். மொன்டானாவில் வனவிலங்குச் சூழலியல் முதுகலை மாணவி நான். இரு பக்கமும் ஒரு முக்கியமான இடத்தைத் தாண்டிப் போகிறது.

எல்கோவாசி அண்ணா, நீங்கள் சொன்ன 23 முதல் 35 லட்சம் என்பது மாநிலத் துறைகளிடம் கேட்டுத் தொகுத்த எண். பாப்கேட்டை யாரும் தலை எண்ணுவதில்லை, எண்ணவும் முடியாது. பெருகியிருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மாநிலங்கள் பெரிதும் நம்புவது எதை? பொறியில் பிடிபட்டவற்றின் கணக்கை. இங்கேதான் விலை உள்ளே நுழைகிறது.

1970களின் தொடக்கத்தில் இந்தத் தோலுக்கு 10, 20 டாலருக்கு மேல் கிடைக்கவில்லை. சிறுத்தை, ஆசிலாட் போன்ற புள்ளித்தோல்களின் வணிகம் சட்டங்களாலும் 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸாலும் அடைபட்டதும், தையற்கூடங்கள் பாப்கேட்டின் வயிற்றைத் தேடி வந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் விலை 100 டாலரைத் தாண்டியது. பூனைகள் திடீரென்று பெருகவில்லை. பொறி வைப்பவர்கள்தான் பெருகினார்கள். 1977இல் பாப்கேட்டையும் சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில், அதாவது அனுமதியோடு மட்டும் ஏற்றுமதி செய்யக்கூடியவற்றில், சேர்த்தார்கள். அதிலிருந்து எடுக்கும்படி அமெரிக்கா 2007இல் ஹேக் மாநாட்டில் கேட்டபோதும் மற்ற நாடுகள் ஏற்கவில்லை. ஐபீரிய லின்க்ஸ் போன்ற அரிய இனத்தின் தோலை இந்தப் பெயரில் கடத்திவிடுவார்கள் என்ற அச்சம்.

ஆக, ஓர் ஆண்டு 1,000 பிடிபட்டு அடுத்த ஆண்டு 2,000 பிடிபட்டால், பூனை இரட்டித்தது என்றும் சொல்லலாம், விலை இரட்டித்தது என்றும் சொல்லலாம். வெறும் எண்ணிக்கையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அதனால்தான் மொன்டானாவில் மாவட்டந்தோறும் ஒதுக்கீடு வைத்திருக்கிறார்கள். எண் நிரம்பியதும் அந்த மாவட்டத்தில் பருவம் முடிந்தது. தோலுக்கு முத்திரை வேண்டுமென்றால் கீழ்த்தாடையையும் கொடுக்க வேண்டும். அதன் பல்லை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், மர வளையம்போல் கோடுகள் தெரியும். அதுதான் வயது. நானே ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கோடுகளை எண்ணியிருக்கிறேன். பெண் பாப்கேட் ஒரு வயதிலேயே ஈன்றுவிடும். ஓர் ஈற்றில் 2 முதல் 4 குட்டி. முயல் பெருகிய ஆண்டில் தட்டு நிறைய இளம் பற்கள் இருக்கும். முயல் குறைந்தால் அடுத்த பருவத்தில் கிழட்டுப் பற்களாகவே வரும். குட்டிகள் பிழைக்கவில்லை என்று பொருள். அந்த ஆண்டில் சந்தை விலை உச்சத்தில் இருந்தால், அதைத் தடுத்து நிறுத்த ஒதுக்கீட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. டெக்சாஸில் பருவமும் இல்லை, உச்சவரம்பும் இல்லை. நெவாடாவில் பருவம் உண்டு, ஆளுக்கு இத்தனை என்ற வரம்பு கிடையாது.

பாலைமலர்:
மரப்பாச்சி, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் என் மனம் ஒதுக்கீட்டோடு அமைதியடையாது. இனம் பிழைக்கிறதா என்பது ஒரு கேள்வி. காலை இரும்பு கவ்வ மூன்று இரவு கிடந்த அந்த ஒரு பூனை இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு நல்ல விடை கிடைத்தால் இரண்டாவது மறைந்துவிடுவதில்லை.

எல்கோவாசி:
மறைந்துவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடை என்று போனால் மக்கள் பிளந்துவிடுகிறார்கள். 2024இல் கொலராடோவில் மலைச் சிங்கம், பாப்கேட் வேட்டையைத் தடை செய்யும் முன்மொழிவு தோற்றது. சந்தையும் தானே சுருங்கியிருக்கிறது. 2014இல் ரூபிள் விழுந்தபோது ரஷ்யக் கொள்முதல் சரிந்தது. 2019இல் டொரொன்டோவின் பெரிய தோல் ஏல நிறுவனமே கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது.

மரப்பாச்சியின் கேள்வியை நேற்று மாலை பெரியவரிடமே கேட்டேன். ஒதுக்கீடு என்றதும் முகம் சுளித்தார். பிறகு சற்று நேரம் கழித்துத் தானாகவே சொன்னார்: "விலை உச்சத்தில் இருந்த அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பள்ளத்தாக்குக்கு எனக்குத் தெரியாத ஏழு வண்டிகள் வந்தன."

மரப்பாச்சி:
அண்ணா, அதற்கு அடுத்த குளிர்காலத்தில் அவர் எத்தனை பிடித்தார் என்று கேட்க முடியுமா?

எல்கோவாசி:
இன்று காலை கேட்டேன். 40 ஆண்டுக் கணக்கும் ஒரு பழைய நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆண்டு 17. அடுத்த ஆண்டு 5. முயலும் அப்போது குறைவுதான் என்கிறார். எது காரணம் என்று அவருக்கும் தெரியவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். பேரன் வந்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.