மார்பகச் சுயபரிசோதனை: எங்கே பிசகுகிறது?

கேள்வி (ஹட்டன்):
மார்பகப் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு மார்பகச் சுயபரிசோதனை சொல்லிக் கொடுக்கிறோம். கை வைத்தாலே எல்லாம் கட்டி மாதிரி இருக்கிறது என்று பயப்படுகிறார்கள். என்ன பிழை?

பதில்:
நாளும் பிழை, விரலும் பிழை, தங்கச்சி. மாதவிடாய்க்கு முந்தின வாரம் மார்பு வீங்கி முடிச்சு முடிச்சாகத்தான் இருக்கும். தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு மாதாமாதம் ஒரே நாள், சம்பள நாள் என்று வைத்தால் மறக்காது. விரல் நுனியால் கிள்ளினால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும். நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியைத் தட்டையாக வைத்து, காசளவு வட்டமாக, முதலில் லேசாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, கடைசியில் விலா எலும்பு தட்டுப்படும்வரை. காரை எலும்பிலிருந்து மார்பின் கீழ் மடிப்புவரை மேலும் கீழுமாகப் போக வேண்டும். அக்குளை விட்டுவிடாதீர்கள்.

பதில்:
வலிக்காத கட்டியைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள், அதுதான் ஆபத்து. புதிய கட்டி, தோடம்பழத் தோல்போலக் குழிவு, காம்பு புதிதாக உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து இரத்தக் கசிவு எதுவானாலும் உடனே போக வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகப் பார்ப்பார்கள். திகதியை மிட்வைஃப்பிடம் கேளுங்கள். இளவயதில் மார்புத் திசு அடர்த்தி என்பதால் மெமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) கட்டி மறைந்துவிடலாம். அதனால்தான் அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

பதில்:
நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறிப்பவரிடம் உடற்பயிற்சி பற்றிப் பேச வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்க மதுவை விடுவது, மாதவிடாய் நின்றபின் எடை கூடாமல் பார்ப்பது, தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுப்பது, இவற்றைச் சொல்லுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ இந்தப் புற்றுநோய் வந்திருந்தால் கிளினிக்கில் முதலிலேயே சொல்லவேண்டும்.