ரேடியேற்றர் வால்வில சொட்டுச் சொட்டாத் தண்ணி. எந்த நட்டை இறுக்கிறது?

ஹரோ அக்கா:
மேல் மாடிச் சின்ன அறையில, ரேடியேற்றருக்குக் கீழ கார்ப்பெற் கறுப்பாகி நனைஞ்சிருக்கு. இலக்கம் போட்ட தலை இருக்கிற வால்வுப் பக்கம்தான். பொயிலரில தண்ணி அமுக்கம் காட்டிற முள் 1.3 பாரில நிண்டது, இரண்டு கிழமையில 0.8. ரெண்டு தரம் தண்ணி ஏத்தியாச்சு. கடையில விக்கிற கசிவு மருந்தை ஊத்தினாச் சரி எண்டு இவர் நிக்கிறார். பெரிய ஸ்பானர் ஒண்டு வீட்டில இருக்கு, நானே இறுக்கிப் பாக்கட்டோ?

பழைய ஸ்பானர்:
தங்கச்சி, ஸ்பானரை இப்ப தொடாதேங்கோ. ஹீற்றிங்கை நிப்பாட்டி ஆற விடுங்கோ. சூட்டில சின்னக் கசிவு ஆவியாப் போயிடும், பித்தளையில பச்சைப் பூஞ்சணம் மாதிரித்தான் மிஞ்சும். எல்லாத்தையும் துடைச்சிட்டு, ரொய்லற் பேப்பர்த் துண்டை நாலு இடத்தில சுத்துங்கோ: தலைக்குக் கீழ ஊசி வாற இடம், நிலத்தால வாற பைப் வால்வுக்குள்ள ஏறுற நட்டு, வால்வையும் ரேடியேற்றரையும் சேர்க்கிற நட்டு, பிறகு ரேடியேற்றருக்குள்ள முறுக்கின வால் துண்டு. எது முதல்ல நனையுதோ அதுதான் ஆள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்திறன் எண்டால், வால்வுதான் எல்லை. கடைசி ரெண்டும் வால்வுக்கு ரேடியேற்றர்ப் பக்கம். ரெண்டு வால்வையும் பூட்டினால் அந்த ஒரு ரேடியேற்றர்த் தண்ணியோட வேலை முடியும். பைப் பக்க நட்டைக் கழட்டிறதெண்டால் முழு வீட்டுத் தண்ணியையும் இறக்கவேணும்.

இறுக்கேக்க ரெண்டு ஸ்பானர். ஒண்டு வால்வின்ர உடம்பைப் பிடிக்க, மற்றது நட்டுக்கு. 1998இல நான் ஒண்டோட இறுக்கினன். வால்வு திரும்பி, பைப்பும் திரும்பி, பலகைக்குக் கீழ இருந்த முழங்கை மூட்டுக் கழண்டு குசினிச் சீலிங் முழுக்கக் கறை. மனுசி இப்பவும் அதைக் காட்டித்தான் ஆக்களுக்கு என்னை அறிமுகப்படுத்துவா.

கால் சுத்துக்கு மேல வேண்டாம். பைப் நட்டுக்குள்ள ஒலிவ் எண்டு ஒரு பித்தளை வளையம் இருக்கு. கூட இறுக்கினால் அது செப்புப் பைப்பை நெரிச்சுப்போடும், பிறகு கசிவு கூடும்.

குரோய்டன் தம்பி:
அண்ணை சொன்னதோட ஒண்டு. மற்றப் பக்கம் மூடி போட்ட லொக்ஷீல்ட் வால்வைப் பூட்டேக்க எத்தினை சுத்து எண்டு எண்ணி எழுதி வையுங்கோ. திறக்கேக்க அதே அளவு. இல்லாட்டி மற்ற அறையள் சூடாகிறது மாறிப்போகும். தலையில 0 இல்லாமல் பனிக்குறி மட்டும் இருந்தால் நம்பாதேங்கோ, குளிருக்குத் தானாத் திறக்கும். தலையைக் கழட்டி, வால்வோட வாற பிளாஸ்ரிக் மூடியால பூட்டுங்கோ.

கைக்கு எட்டுற மூட்டுக்கு நானெண்டால் மருந்து ஊத்தமாட்டன்.

ஹரோ அக்கா:
வால்வையும் ரேடியேற்றரையும் சேர்க்கிற நட்டுத்தான்! கால் சுத்துக் குடுத்தன், குறைஞ்சுது, நிக்கேல்ல.

பழைய ஸ்பானர்:
அப்ப ரெண்டு வால்வையும் பூட்டி, பெயின்ற் ரோலர்த் தட்டைக் கீழ வைச்சு, நட்டை மெல்ல இளக்குங்கோ. பிறகு மேல் மூலையில காத்தை எடுக்கிற திருகைத் திறந்தால் தண்ணி இறங்கும். மை மாதிரிக் கறுப்பா வரும், பழைய துவாய் நிறைய வையுங்கோ. ரெண்டு முகத்தையும் துடைச்சு, வால் துண்டின்ர மூக்கில பைப் மூட்டுக்குச் சுத்திற வெள்ளை ரேப் (PTFE) ரெண்டு மூண்டு சுத்துப் போட்டு இறுக்குங்கோ. வால்வைத் திறந்து, காத்தை எடுத்து, ஆறின நிலையில முள்ளை 1க்கும் 1.5க்கும் இடையில கொண்டுவாங்கோ. புதுத் தண்ணியோட ஒட்சிசனும் போகும், உள்ளுக்க துருப்பிடிக்கும். துருவைத் தடுக்கிற மருந்து, இன்ஹிபிற்றர், அதுவும் கொஞ்சம் விடுங்கோ.

ஹரோ அக்கா:
மூண்டு நாளாப் பேப்பர் காய்ஞ்சபடி. முள் 1.4. லொக்ஷீல்ட் ஒண்டேகால் சுத்து, சுவரில பென்சிலால எழுதி வைச்சிருக்கிறன். இவர் வாங்கின மருந்துப் போத்தலை இன்னும் திருப்பிக் குடுக்கேல்ல.