காட்டுக்கும் ஈரநிலப் பூங்காவுக்கும் ஆட்கள் எதற்காக வருகிறார்கள்? வினாக்கொத்து பற்றி ஒரு கேள்வி

தலங்கம கொக்கு

வணக்கம். கொழும்பை அடுத்த பெத்தகான ஈரநிலப் பூங்கா, தியசரு பூங்கா, சிங்கராஜா மழைக்காட்டின் குடாவ வாசல் ஆகிய மூன்று இடங்களுக்கும் பொழுதுபோக்க வருகிறவர்கள் எதை நாடி வருகிறார்கள் என்று அறிய ஒரு வினாக்கொத்து தயாரிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வு. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வரவேண்டும். முன்னோட்டத்தில் "ஏன் வந்தீர்கள்?" என்று வெறுமனே கேட்டதற்கு ஏறக்குறைய எல்லாத் தாளிலும் "இயற்கையை ரசிக்க" என்றே இருக்கிறது. அதை வைத்து ஒன்றும் எழுத முடியாது. எத்தனை கேள்வி, எத்தனை பேர், உள்ளே போகும்போது கேட்பதா வெளியே வரும்போது கேட்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காடு

"இயற்கையை ரசிக்க" என்று எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. பூங்கா வாசலில் வைத்துக் கேட்டால் வாயில் முதலில் வருகிற பதில் அது. மூன்றைப் பிரித்துக் கேளுங்கள்: என்ன செய்தார், எங்கே செய்தார், அதால் என்ன கிடைக்கவேண்டும் என்று வந்தார். மூன்றாவதுதான் உந்துதல். ஒரே மரப்பாலத்தில் காலை 7 மணிக்கு நடக்கிற இருவரில் ஒருவர் சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொன்னதால் நடப்பார். மற்றவர் வீட்டில் கிடைக்காத அரைமணி நேர நிசப்தத்துக்காக நடப்பார். "நடைப்பயிற்சி" என்ற கட்டத்தில் இருவரும் ஒரே மாதிரிப் புள்ளடி போடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

அமெரிக்க வனச் சேவையில் பணியாற்றிய ட்ரைவர் என்ற ஆய்வாளர் 1970களில் இதற்காகவே ஓர் அளவுகோலை வளர்த்தெடுத்தார். காரணத்தை நேரே கேட்காமல், கிடைக்கக்கூடிய அனுபவங்களை வரி வரியாகக் கொடுத்து ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம் என்று கேட்பது அதன் முறை. உங்களுக்கு ஆறு தொகுதி போதும்: உடல்நலம், மனக்களைப்பு நீங்குதல், ஆட்களிடமிருந்து விலகியிருத்தல், குடும்பமும் நண்பர்களும் கூடுதல், பறவை மரம் பற்றி அறிதல், புது இடம் பார்த்தல். தொகுதிக்கு 4 வரி, மொத்தம் 24. நான்கு வைப்பதற்குக் காரணம், பகுப்பாய்வில் ஒன்று கழன்றாலும் மூன்று மிஞ்சும். அளவு 1 முதல் 5 வரை, "முக்கியமே இல்லை" முதல் "மிகமிக முக்கியம்" வரை. "உடன்படுகிறேன்" என்று போடாதீர்கள். நல்ல விடயம் எதற்கும் மனிதர் உடன்படுவார்கள்.

"அமைதியையும் தூய காற்றையும் அனுபவிக்க" என்று ஒரே வரியில் இரண்டைக் கட்டாதீர்கள். அமைதி மட்டும் வேண்டியவர் 3 போட்டால் அது எதற்கான 3?

புது இடம் பார்க்கும் தொகுதியில் "பெயர் கேள்விப்பட்டதால் ஒரு தடவையாவது பார்க்க" என்ற வரியும் இருக்கட்டும். சிங்கராஜா 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. அந்தப் பெயருக்காகவே குடாவவுக்கு வருவோரும் இருப்பார்கள். பெத்தகானவில் அந்த வரிக்கு 1உம் 2உமே கூடுதலாக விழும் என்று நினைக்கிறேன்.

சொல்வழி

தமிழ்த் தாள் பற்றி மட்டும் சொல்கிறன். ஆங்கில அளவுகோலை அகராதி வச்சு மாத்தினால் பிழைக்கும். ஆட்களை விட்டு விலகியிருக்கிற தொகுதிக்கு "தனிமை" எண்டு போட்டிடாதையுங்கோ. எங்கட வாசகருக்குத் தனிமை எண்டால் ஆருமில்லாத கவலை. எல்லாரும் 1 போடுவினம். "ஆட்கள் குறைந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருக்க" எண்டு எழுதுங்கோ. அதே மாதிரி "அன்றாட வாழ்விலிருந்து தப்பிக்க" எண்டது குற்றம் செய்து ஓடுற மாதிரிக் கேக்கும். "வீட்டு வேலை, வேலைத்தல யோசனைகளைச் சற்று மறந்திருக்க" எண்டால் ஒருத்தரும் தயங்காமல் விளங்கிக்கொள்ளுவினம்.

"காடு" எண்ட சொல்லிலயும் கவனம். வெள்ளவத்தையில பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் காடு எண்டால் சுற்றுலா. வன்னிப் பக்கத்தில இருந்து வந்த பெரியவருக்கு அது விறகு, தேன், முதிரை, பாலைப்பழம், யானைப் பயம். தாள் முழுக்க "இந்த இடம்" எண்டே எழுதுங்கோ, பிரச்சினை இல்லை.

தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதினாப் பிறகு, மூலத்தைப் பாக்காத இன்னொருவரைக் கொண்டு திருப்பி ஆங்கிலத்துக்கு மாத்துவியுங்கோ. எங்க பொருள் நழுவினதெண்டு அப்பதான் தெரியும்.

கணக்குக்கொப்பி

எண்ணிக்கை. கிடைக்கும் சதவீதம் உண்மையான அளவிலிருந்து 5%க்கு மேல் விலகாது (±5% வழு) என்று 95% நம்பிக்கையோடு சொல்ல 385 பேர் வேண்டும். ஆனால் அது மூன்று இடமும் சேர்ந்த கணக்கு. இடத்துக்கு 130 பேர் என்றால் ஒவ்வோர் இடத்துக்கும் வழு ±9% அளவுக்குப் போகும், ஆகவே இடங்களுக்கிடையே 5% வித்தியாசம் கண்டதாக எழுதக்கூடாது. எந்தெந்த வரிகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு வரிக்கு 10 பேர் என்று பார்த்தால் 24 வரிக்கு 240 போதும். கழிபவற்றையும் சேர்த்து 440 தாள் நிரப்புங்கள்.

எது கழியும் என்றால், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் 5, 5, 5 என்று புள்ளடி போட்ட தாள்கள். அவற்றைப் பிடிக்க நடுவில் "இந்த வரிக்கு 2ஐ அடையாளமிடுங்கள்" என்று ஒரு வரி வையுங்கள். வரிகளின் ஒழுங்கை மாற்றி அ, ஆ என இரண்டு தாள் அடியுங்கள்; கடைசி எட்டு வரியில் எல்லாரும் களைத்துவிடுவார்கள், எப்போதும் ஒரே தொகுதி அங்கே மாட்டக்கூடாது.

உந்துதலை உள்ளே போகும்போது கேளுங்கள், திருப்தியை வெளியே வரும்போது. வெளியே வந்தவரிடம் "எதற்கு வந்தீர்கள்" என்றால் கிடைத்ததையே காரணமாகச் சொல்வார். இரண்டு தாளையும் இணைக்க இலக்கமிட்ட சிறு அட்டை கொடுத்து, திரும்பும்போது வாங்குங்கள். வாசலில் ஒவ்வொரு மூன்றாவது குழுவையும் நிறுத்துங்கள்; குழுவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் எப்போதும் குழுவில் அதிகம் கதைக்கிறவர்தான் தாளை வாங்குவார். மறுத்தவர்களையும் நேரத்தோடு குறியுங்கள்.

நாட்களை வார நாள், சனி ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) என்று மூன்றாகப் பிரியுங்கள். போயாவை ஞாயிறோடு சேர்த்தால் விகாரைக்குப் போய்த் திரும்பும் வழியில் வந்தவர்கள் ஞாயிறு ஆட்களுக்குள் கரைந்துவிடுவார்கள்.

முடிவை எழுதும்போது சராசரியோடு நிற்காதீர்கள். "ஆட்கள் குறைந்த இடம்" என்ற வரிக்குப் பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 போட்டால் சராசரி 3 வரும். அந்த 3ஐப் போட்டவர் ஒருவருமே இல்லை. முதலில் தொகுதிகளின் நம்பகத்தன்மை (ஒரு தொகுதியின் வரிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) 0.7க்கு மேலா என்று பாருங்கள், பிறகு ஒரே மாதிரிப் பதில் சொன்ன ஆட்களைக் கொத்துகளாகப் பிரியுங்கள். பூங்கா நடத்துகிறவருக்கு உதவுவது அதுதான்: நிசப்தம் தேடுகிற கொத்தும் சோற்றுப்பார்சலோடு வருகிற குடும்பக் கொத்தும் எந்த மணிக்கு எந்தப் பாதையில் மோதுகின்றன என்பது.

தலங்கம கொக்கு

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு. இளம் சோடிகள் தாளையே வாங்குகிறார்கள் இல்லை. குடாவவில் வெளியே வருகிறவர்கள் நனைந்து, அட்டை கடித்த நிலையில் நிற்கிறார்கள். எழுதும் மனநிலை இல்லை.

மழைக்காடு

சோடிகளை விட்டுவிட்டால் கொழும்பின் பூங்காக்களைப் பற்றிய ஆய்வே பிழைத்துவிடும். காலிமுகத்திடலில் குடைக்குள் இருக்கிறவர்களுக்கு என்ன வேண்டுமோ, அதே தேவைதான் இங்கேயும்: வீட்டாரும் ஊராரும் பார்க்காமல் இருவர் கதைக்க ஓர் இடம். இது தனியே இருக்க விரும்புவதிலிருந்து வேறானது, ஆகவே ஏழாவது தொகுதியாக்கி 4 வரி சேருங்கள். 28 வரிக்கு 280 பேர், உங்கள் எண்ணிக்கை தாங்கும். அவர்கள் இருக்கும் வாங்குக்குப் போய் நிற்காதீர்கள். கியூஆர் குறியிட்ட சிறு அட்டையை வாசலில் டிக்கெட்டோடு கொடுத்தால் பிறகு போனில் நிரப்புவார்கள். பெயரோ தொலைபேசி இலக்கமோ கேட்கவேண்டாம், அதைத் தாளின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அட்டையில் வந்த பதில்களைத் தனியே குறித்து வையுங்கள், வாசல் தாள்களோடு ஒப்பிடவேண்டிவரும்.

குடாவவில் வெளியேறும் தாளை 5 கேள்விக்குச் சுருக்கி, நீங்களே வாசித்து நீங்களே குறியுங்கள். அவர்கள் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை மடித்து, கடித்த அட்டையைத் தேடுகிற அந்தப் பத்து நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும். பேனா வேண்டாம், பென்சில். ஈரத்தாளில் மை பரவி 3உம் 5உம் ஒன்றாகிவிடும். வனத் திணைக்களத்தின் எழுத்து அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கிவிடும், அதற்கு முன், ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் குடாவ வேலையை முடித்துவிடுங்கள்.