புதுப்பிப்பு: வாசிகசாலை ராஸ்பெரி பைக்கான லினக்ஸ் படிமம் இப்போது இயங்குகிறது

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊர் வாசிகசாலையில் உள்ள நான்கு ராஸ்பெரி பை 3 பலகைகளுக்கு (சிறிய ஒற்றைப் பலகைக் கணினிகள்) டெபியன் படிமம் (எஸ்டி அட்டையில் அப்படியே எழுதக்கூடிய, டெபியன் என்ற லினக்ஸ் வகையின் முழு நகல்) உருவாக்க முயன்றபோது, மடிக்கணினியில் அந்தப் படிமத்துக்குள் நுழைந்து நிரல்களை இயக்க உதவும் சிஎச்ரூட் கட்டளை ‘எக்ஸெக் ஃபோர்மட் எரர்’ என்று நின்றுவிடுவதாக முன்பு எழுதியிருந்தேன்.

காரணம் எளியது. பை பலகைகளின் செயலி ஏ.ஆர்.எம். வகை; மடிக்கணினியின் இன்டெல் செயலி ஏ.ஆர்.எம். நிரல்களை நேரடியாக இயக்காது. அவற்றை, வேறு செயலியைப் போல நடிக்கும் கியூஎமு என்ற மென்பொருளிடம் ஒப்படைக்கும் பதிவு, என் கெர்னலின் (லினக்ஸின் கருப்பகுதி) பின்எஃப்எம்டி வசதியில் (எந்த வகை நிரலை எது இயக்க வேண்டும் எனப் பதியும் இடம்) இருக்கவில்லை. அதைச் சேர்த்ததும், டெபியனின் அடிப்படை அமைப்பை நிறுவும் டெபூட்ஸ்ட்ராப் கருவியின் இரண்டாம் கட்டம் தடையின்றி முடிந்தது. தமிழ் எழுத்துருக்களையும் படிமத்திலேயே சேர்த்துவிட்டேன்.

உண்மையான சோதனை மாரி காலத்து மின்வெட்டுதான். அட்டையில் தரவு எழுதப்படும்போதே மின்சாரம் நின்றதால் இரண்டு எஸ்டி அட்டைகளின் கோப்பு முறைமை சிதைந்தது. எனவே இயங்குதளம் இருக்கும் மூலப் பகிர்வை (அட்டையின் ஒரு பிரிவு) வாசிப்புக்கு மட்டும் என ஆக்கி, மாற்றங்கள் யாவும் அதன் மேல் விரிக்கப்படும் ஓவர்லே என்ற தற்காலிக அடுக்கு வழியாக, மின்சாரம் நின்றால் அழியும் நினைவகத்தில் மட்டும் தங்கும்படி அமைத்தேன். பிள்ளைகளின் கோப்புகளுக்குத் தனிப் பகிர்வு உண்டு.

இதனால் நான் எதிர்பாராத சிக்கல் ஒன்று எழுந்தது. இப்பலகைகளில் மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் இல்லை. கடைசி நேரத்தைக் கோப்பில் சேமிக்கும் மென்பொருளின் பதிவும் ஓவர்லேயோடு அழிந்துவிடுவதால், இணையம் இல்லாத நாட்களில் ஒவ்வொரு தொடக்கத்திலும் படிமம் உருவாக்கிய திகதியே திரும்பியது. டிஎஸ்3231 கடிகாரத் துணைப்பலகையைப் பொருத்தி, அதற்குரிய ஒரு வரியைத் தொடக்க அமைப்புக் கோப்பில் சேர்த்த பின்னர் நேரம் சரியாக நிற்கிறது. இதே வழியில் செல்பவர்கள் இந்தத் துணைப்பலகையை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.